புது செட் வாங்கும் முன் பழைய ஸ்பீக்கரை இரண்டடி நகர்த்திப் பாருங்கள்

சத்தம் சரியில்லை, புதுசாக எந்த செட் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஸ்பீக்கர் இப்போது வீட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலும் வருகிற பதில், ஒன்று பீரோ மேலே, இன்னொன்று டிவி பக்கத்தில். அப்படியானால் கடைக்கு அப்புறம் போகலாம், முதலில் உங்கள் வீட்டுக்குப் போவோம் என்பேன்.

கடலூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வால்வு ரேடியோவில் தொழில் பழகி, டேப் ரெக்கார்டர், 4440 என்கிற ஐ.சி. (சத்தத்தைப் பெருக்குகிற சில்லு) போட்ட லோக்கல் அசெம்பிள் பெட்டி, 5.1 என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாயிற்று. இப்போது கடையைத் தம்பி மகன் பார்க்கிறான். அவனுக்கு வருவதெல்லாம் புளூடூத் ஸ்பீக்கருக்குச் சார்ஜிங் பின் மாற்றுகிற வேலைதான். நான் தெரிந்தவர் வீடுகளுக்குப் போய் செட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன். அப்படிப் போகிற இடங்களில் நான் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிற சாதாரண ஸ்டீரியோ செட்டுக்கு இது போதும். செலவு மிகக் குறைவு, முதுகு கொஞ்சம் வலிக்கும்.

இடம்

வண்டிப்பாளையத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. ஹால் 10 அடி அகலம், 16 அடி நீளம், தரையெல்லாம் டைல்ஸ். ஒரு ஸ்பீக்கர் மூலையில் பீரோ மேல் சீலிங்கைத் தொட்டுக்கொண்டு இருந்தது. மற்றது ஷோகேஸுக்குள், தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில். "பாஸ் கும்முன்னு அடைக்குது தம்பி. என்ன வார்த்தை பாடுறாங்கன்னே புரியல" என்றார் சார். 5.1 செட் ஒன்றுக்கு விலையும் விசாரித்து வைத்திருந்தார்.

பாஸ், அதாவது தாழ்ந்த சத்தம், ஸ்பீக்கரின் முகத்திலிருந்து மட்டும் வருவதில்லை, நாலா பக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அது திருப்பி அனுப்புகிற சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஒரு சுவரை ஒட்டி வைத்தாலே தாழ்ந்த ஒலிகள் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) வரை கூடலாம். பீரோ மேல் மூலையில் இரண்டு சுவரும் சீலிங்கும் சேர்ந்து மூன்று பரப்பு. அங்கே வைத்த ஸ்பீக்கர் கும்மாமல் என்ன செய்யும்? அந்தக் கும்மல்தான் பாடகரின் குரல் மேல் ஏறி உட்கார்ந்து வார்த்தையை விழுங்குகிறது. 5.1 வாங்கியிருந்தால் அதே மூலைகளில் ஐந்து பெட்டியும், பாஸுக்கென்றே தனியாக ஒரு சப்-வூஃபரும் வந்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டையும் கீழே இறக்கினோம். அகலம் குறைந்த சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து 2 அடி முன்னால் தள்ளி வைத்தோம். பக்கச் சுவர்களிலிருந்தும் ஆளுக்கு 2 அடி. 10 அடி அகலத்தில் நடுவே 6 அடி மிஞ்சுகிறது, இரண்டு ஸ்பீக்கருக்கும் அந்த 6 அடி இடைவெளி நல்ல கணக்கு. சார் உட்காரும் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதே 6 அடி அல்லது கொஞ்சம் கூட இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து மதிப்புப் போடாதீர்கள், டேப் வைத்து அளங்கள். இடதுக்கும் வலதுக்கும் அரை அடி வித்தியாசம் வந்தால்கூடக் குரல் கிட்டத்தில் இருக்கிற பெட்டிக்கு ஒட்டிக்கொண்டுவிடும்.

அடுத்து உயரம். பெட்டியில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். அது உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருந்தால்தான் ஜால்ரா, வயலின், பாடகர் உச்சரிக்கிற ‘ச’வும் ‘ஸ’வும் தெளிவாக வரும். பீரோ மேல் இருந்தால் ஃபேனுக்குத்தான் பாட்டு. நாற்காலியில் உட்கார்ந்து தரையிலிருந்து காது வரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய 3 அடி வரும். பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்கிற வீடாக இருந்தால் அந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது பெட்டியின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கியோ தாழ்த்தியோ ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி செய்யுங்கள்.

பிறகு இரண்டு பெட்டிகளையும் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1960களின் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தக் காலப் பதிவுகள் மோனோ, இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே சத்தம். (பிற்பாடு மேளம் கூட்டி ஸ்டீரியோ ஆக்கி வெளியிட்ட பதிப்பு வேண்டாம், அசல் வேண்டும்.) கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். செட் சரியாக அமைந்திருந்தால் பாடகரின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத வெறும் இடத்திலிருந்து வரும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரம் தப்பு. நடுவில் இருந்தாலும் பரந்து கிடந்தால் பெட்டிகளை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள். குரல் ஒடுங்கி, ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) காதைக் குத்தினால் வெளியே திருப்புங்கள். ஸ்டீரியோ சோதனைக்கு மோனோ பாட்டா என்று சிரிப்பார்கள். எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது.

சார் வீட்டில் குரல் நடுவுக்கு வந்ததும் அவர் எழுந்துபோய், டிவி ஓடுகிறதா என்று பார்த்தார். டிவி சும்மாதான் இருந்தது.

அவர் வீட்டம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "ஏண்ணே, மூலையில கிடந்தத நடு வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களே. நான் எப்படிக் கூட்டித் துடைக்கிறது?" நியாயமான கேள்விதான். தரையில் ஸ்பீக்கரின் நாலு மூலைக்கும் சின்னதாக இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தேன். மற்ற நேரத்தில் சுவரோரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம், பாட்டுக் கேட்கிற நேரத்தில் டேப் அடையாளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். எந்த வீட்டிலும் இந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் வராதீர்கள், இல்லாவிட்டால் நாலாம் நாள் ஸ்பீக்கர் மறுபடி பீரோ மேல் ஏறிவிடும்.

உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அங்கே பாஸ் குவிந்து கிடக்கும். ஹாலின் சரிபாதியில் உட்கார்ந்தால் சில பாஸ் ஒலிகள் காணாமலே போகும். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. 10 அடி, அதாவது 3 மீட்டர் சொச்சம் அகலமுள்ள அறையில் 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) பக்கம் இருக்கிற ஒலி சுவருக்குச் சுவர் மோதி அறைக்குள்ளேயே தேங்கி நின்றுவிடும். அந்த ஒலி சுவரோரத்தில் பெருத்தும் நட்டநடுவில் மெலிந்தும் கேட்கும். 16 அடி நீளத்துக்கு அது 35 ஹெர்ட்ஸ். இதற்கு மருந்து சாதாரணமானது: நாற்காலியைச் சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடியாக முன்னால் இழுத்து, பாஸ் கிட்டார் நன்றாக ஓடுகிற பாட்டு ஒன்றைப் போட்டு, எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். ஒரு ஸ்வரம் மட்டும் துள்ளி விழுந்தால் இன்னும் நகருங்கள்.

கடப்பாக் கல்லும் ஹவாய் செருப்பும்

ஸ்டாண்டு வாங்க வேண்டாம். ஹாலோ பிளாக் கல் இரண்டு மூன்று அடுக்கி, மேலே ஒரு கடப்பாக் கல் துண்டு போட்டால் அதைவிட உறுதியான ஸ்டாண்டு இல்லை. கிச்சன் ஷெல்ஃபுக்கு வெட்டிய மிச்சத் துண்டு கல் பட்டறையில் சும்மா கிடக்கும். சிமென்ட் தூள் உதிராமல் இருக்கக் கல்லுக்குப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். குழந்தைகள் ஓடுகிற வீடாக இருந்தால் கல்லுக்குக் கல் சிமென்ட் வைத்துவிடுங்கள், தலையில் விழுந்தால் சும்மா போகாது.

கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய ஹவாய் செருப்பைச் சதுரமாக வெட்டி நாலு மூலைக்கும் வையுங்கள். பெட்டி ஆடாமல் உட்காரும், அதிர்வும் கீழே இறங்காது.

அதிர்வு என்றதும் இன்னொரு வேலை. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. 40 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள், சத்தம் மிதமாக இருக்கட்டும். ஒவ்வொரு எண்ணிலும் வீட்டில் ஏதோ ஒன்று பேச ஆரம்பிக்கும்: ஷோகேஸ் கண்ணாடி, பீரோ கைப்பிடி, ஜன்னல் கொக்கி, சாமி படத்துச் சட்டம், ஆணியில் தொங்குகிற காலண்டரின் தகரப் பட்டை. இத்தனை நாள் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தது பாதி இதுதான். கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் சைக்கிள் டியூப் கீற்று, சட்டத்துக்குப் பின்னால் ஒரு துண்டு வெல்வெட் துணி, கொக்கிக்கு மடித்த அட்டை. ஒரு மணி நேர வேலை.

எதிரொலி

ஹால் நடுவே நின்று ஒரு தரம் கைதட்டுங்கள். ‘ட்ர்ர்ங்’ என்று ஓர் இழுவை வந்தால் சுவரும் தரையும் வெறுமையாகக் கிடக்கின்றன என்று அர்த்தம். புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் இருக்கிற பழைய வீடுகளில் உயர்ந்த கூரை, முற்றம், மரச் சாமான் எல்லாம் இருப்பதால் சத்தம் உடைந்து சிதறும், இந்த இழுவை குறைவு. இப்போது கட்டுகிற டைல்ஸ் வீடுகளில்தான் தொல்லை.

முதல் வேலை, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம். அடுத்து பக்கச் சுவர். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில் பட்டுத்தான் சத்தம் உங்கள் காதுக்கு இரண்டாம் தரம் வருகிறது. இரு பக்கமும் அந்த இடத்தில் தடித்த திரை, புத்தக அலமாரி, ஏதாவது ஒன்று வரட்டும். திரையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, நிறைய மடிப்போடு தொங்கவிட்டால் வேலை செய்யும். மெல்லிய பாலியஸ்டர் திரை அழகுக்கு மட்டும்தான். பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று பரணில் கிடந்தால் எடுத்து, துணி உறை தைத்து, பின்சுவரில் நிமிர்த்தி வையுங்கள். அதற்கு ஈடான ஒலி உறிஞ்சியைக் கடையில் வாங்கப் போனால் விலை கேட்டு மயக்கம் வரும்.

முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம், கரப்பான் சேர்வதுதான் மிச்சம். எல்லாச் சுவரையும் மூடவும் வேண்டாம். சத்தம் செத்துப்போகும், கேட்டுக்கொண்டிருக்கவே சலிப்பாக இருக்கும்.

உப்புக் காற்றும் ஒயரும்

தேவனாம்பட்டினம், தாழங்குடா, அந்தப் பக்கம் புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டி இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒயர் சொருகுகிற ஸ்ப்ரிங் கிளிப்பை அழுத்தி ஒயரை வெளியே எடுங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் பாக்கியம். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் அந்தக் களிம்பு வழியாகத்தான் பாட்டு முக்கி முனகி வந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் சத்தம் குறைவது, அசைத்தால் வருவது, தட்டினால் வருவது எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

கறுத்த நுனியை ஒரு அங்குலம் வெட்டி எறியுங்கள். உள்ளேயும் கறுப்பு ஓடியிருந்தால் செம்பு தெரிகிற வரை வெட்டுங்கள். அரை அங்குலம் உரித்து, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஒரே ஒரு இழை பிசிறி வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் ஐ.சி. போய்விடும். எங்கள் கடைக்கு வந்த ஐ.சி. மாற்றுகிற வேலையில் பாதி அந்தப் பிசிறு கொடுத்ததுதான். ஸ்ப்ரிங் கிளிப்புக்கு நுனியில் லேசாக ஈயம் வைத்துவிடுவேன், பிசிறாது, உப்பும் சீக்கிரம் ஏறாது. கிளிப்பின் உள்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கமும் இதே வேலைதான், பவரை அணைத்துவிட்டு.

ஒயர் என்ன போடுவது? சவுண்டுக்கு என்றே விற்கிற, கை விரல் தடிமன் ஒயர் வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு விற்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் பல்லிழைச் செம்புக் கம்பி போதும். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர் என்று கணக்கு வைத்தாலும் அதன் தடை 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டப்பாவோடு வருகிற நூல் மாதிரி ஒயர் அப்படி இல்லை. ட்ரான்ஸ்பரன்ட் உறை போட்டு மலிவாக விற்கிற ஒயரை வாங்கும் முன் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். நம் ஊர்க் காற்றுக்கு அது நிற்காது.

சிவப்பு, கறுப்பு மாறாமல் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து மாறினால் ஒன்றும் குடிமுழுகாது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பாஸ் வற்றிவிடும், மோனோ பாட்டில் நடுவே நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றி எங்கேயோ மிதக்கும். பெட்டியைத் திறந்து ரிப்பேர் செய்த பிறகு உள்ளேயே ஒயர் மாறியிருந்தால் வெளியே நிறம் பார்த்துப் பயனில்லை. அதற்கு ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். ‘டப்’ என்று வூஃபரின் (பெட்டியில் இருக்கிற பெரிய ஸ்பீக்கரின்) கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. தொட்டு எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது.

‘ம்ம்ம்’ என்கிற சத்தம்

ஹம் என்று எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். இதில் பதற்றப்படாமல் வரிசையாகப் போனால் பாதியை வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் ஹம் அதே அளவு இருந்தால் குறை பெட்டிக்கு உள்ளே. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஏ.சி.யை டி.சி.யாக்குகிற டயோடு பிரிட்ஜைத் தாண்டினால் 100. அந்த 100-ஐ வழித்துச் சமப்படுத்துவது பெரிய ஃபில்டர் கண்டென்சர். வயதானால் அது காய்ந்துபோகும். மாற்றுகிற செலவு கொஞ்சம்தான், ஆனால் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அசல் கண்டென்சரில் எழுதியிருந்த வோல்ட்டுக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள்.

வால்யூமைக் கூட்டினால் ஹம்மும் கூடுகிறதென்றால் அது வெளியிலிருந்து வருகிறது. பின்னால் சொருகியிருக்கிற இன்புட் பின்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் நிற்கிறதோ அதுதான் ஆள். டிவியிலிருந்து வருகிற ஒயராக இருந்தால், டிவியில் கேபிள் ஒயரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். சட்டென்று அமைதியானால் தெருவிலிருந்து வருகிற கேபிளின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் சண்டை போடுகின்றன என்று பொருள். கேபிளுக்கு நடுவே போடுகிற ஐசொலேட்டர் கிடைக்கும், போட்டுவிடலாம். டிவி, செட்-டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுவதும் பெரும்பாலும் பலன் கொடுக்கும். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டால் ஹம் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹம் நிற்கும், உயிருக்கு உத்தரவாதம் நிற்காது.

‘ம்ம்ம்’ இல்லாமல் ‘ஸ்ர்ர்ர்’ என்று கரகரத்தால் ஃபேனை அணைத்துப் பாருங்கள். வட்டமாகத் திருகுகிற சில எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும், அந்த வெட்டு ஸ்பீக்கரில் கேட்கும். கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டராக மாற்றினால் போய்விடும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் ஏறியது. அவசரத்துக்கு மலிவாக வாங்கியது ஸ்கொயர் வேவ், கரண்ட்டை வழவழப்பாக இல்லாமல் கட்டம் கட்டமாகக் கொடுக்கிற ரகம். கரண்ட் போனால் ஃபேன் உறுமும், ஆம்ப்ளிஃபயரும் உறுமும். அதற்கு ஆம்ப்ளிஃபயரைத் திட்டிப் பயனில்லை, கரண்ட் வருகிற வரை பாட்டை நிறுத்திவைக்கலாம்.

வால்யூம் திருகும்போது ‘கரக் கரக்’ என்றால் உள்ளே தூசியும் உப்பும். கான்டாக்ட் கிளீனரை நீளக் குழாய் வழியே கன்ட்ரோலின் இடுக்கில் ஒரு அமுக்கு அடித்து, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நன்றாகத் திருப்புங்கள். தையல் மிஷின் ஆயில், தேங்காய் எண்ணெய் ஊற்றியதெல்லாம் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தூசி எல்லாவற்றையும் கூப்பிட்டு விருந்து வைக்கும்.

போனும் குமிழ்களும்

இப்போது பாட்டெல்லாம் போனிலிருந்துதான். போனின் வால்யூமை முழுசுக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஆம்ப்ளிஃபயரில் செய்யுங்கள். பாட்டு ஆப்பின் செட்டிங்கில் குவாலிட்டியை உயர்ந்ததாக மாற்றுங்கள், டேட்டா மிச்சப்படுத்துகிற வசதி ஆனில் இருந்தால் அணையுங்கள். போனில் இருக்கிற ஈக்வலைசர், சரவுண்ட், 3டி எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் புளூடூத்தைவிட ஒயர் நல்லது, குறிப்பாக ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற புளூடூத் போர்டு மலிவானதாக இருந்தால்.

பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் முதலில் நடுவில் நிற்கட்டும். மேலே சொன்ன நகர்த்தல் எல்லாம் முடிந்த பிறகு தேவையென்றால் தொடுங்கள். லவுட்னஸ் பட்டன் இருந்தால் இரவில் குறைவாக வைத்துக் கேட்கும்போது போடுங்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குப் பாஸ் கேட்கிற திறன் அதைவிட வேகமாகக் குறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டு வைத்துவிட்டார்கள், அந்தப் பட்டன் அந்தக் குறையை ஈடுகட்டத்தான். சத்தம் கூட்டியதும் அணைத்துவிடுங்கள்.

வாட்ஸ் கணக்கில் மயங்க வேண்டாம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்குச் சற்றே கூடியது மாதிரி இருக்கும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 4440 ஐ.சி. ஒரு பக்கத்துக்குத் தருவது 6 வாட். 10 அடிக்கு 16 அடி ஹாலில் அதுவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிடும். பெட்டியில் பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்குப் போடுகிற உச்ச வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை உரித்துவிடலாம்.

சப்-வூஃபர் இருந்தால் ஒரு விளையாட்டுச் செய்யுங்கள். அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டுப் போட்டுவிட்டு, ஹாலைச் சுற்றித் தவழ்ந்து போங்கள். பாஸ் கும்மாமலும் வற்றாமலும் கேட்கிற இடத்தில் சப்பை வைத்துவிட்டு, நீங்கள் நாற்காலிக்குத் திரும்புங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தால் மானம் மிஞ்சும்.

பழைய சாமான்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்பீக்கர் வாங்கினால் முதலில் முன்பக்கத் துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கோனைச் சுற்றி இருக்கிற விளிம்பு ஃபோமாக இருந்தால் விரலால் லேசாகத் தொடுங்கள். பிசுபிசுத்தோ பொடியாகவோ வந்தால் விளிம்பு மாற்ற வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள். ரப்பர், துணி விளிம்பு நீடித்து வரும். அப்புறம் இரண்டு கையின் விரல்களையும் கோனின் இரு பக்கமும் வைத்துச் சமமாக உள்ளே அமுக்குங்கள். உள்ளே ‘சர்க்’ என்று உரசினால் கம்பிச் சுருள் (காயில்) தேய்கிறது, அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரெக்கார்டு பிளேயர் இருப்பவர்கள் அதை ஸ்பீக்கர் இருக்கிற பலகையில் வைக்காதீர்கள், வால்யூம் ஏற்றினால் ஊளையிடும். சுவரில் அடித்த தனிப் பலகையில், கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து உட்காரவைத்தால் நல்லது. டேப் டெக்கின் ஹெட்டை ஆல்கஹால் பட்ஸால் துடையுங்கள், ரப்பர் ரோலருக்கு ஈரத்துணி போதும். எஃப்.எம்.மில் இரைச்சல் வந்தால் மோனோ பட்டனைப் போடுங்கள், அல்லது ஆளுக்கு 75 சென்டிமீட்டராக இரண்டு கம்பியை ‘டி’ வடிவில் விரித்து ஜன்னலோரம் ஒட்டுங்கள். புதுச்சேரி வானொலி சுத்தமாக வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கரை முழுக்க ஈரம். செட்டைத் துணி போட்டு மூடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தினமும் அரை மணி நேரமாவது ஓடட்டும், அந்தச் சூட்டிலேயே உள்ளே இருக்கிற ஈரம் காயும். ஓடும்போது மேலே துணி கூடாது. இடி கேட்டால் ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்காராதீர்கள், பிளக்கையே பிடுங்குங்கள். கூடவே கேபிள் ஒயரையும் ஏரியல் ஒயரையும் கழற்றிப் போடுங்கள்.